சீகை வெட்டிய சரிவில் என்ன நடுவது? நீலகிரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பிறந்து மேற்கே மேகம் கட்டத் தொடங்கியதும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ஐந்நூறு மரக்கன்று வாங்கி வருகிறோம், நீலகிரியில் எங்கே நடலாம்?" கல்லூரி மாணவர்கள், கம்பெனி நண்பர்கள், ஊருக்குத் திரும்பி வந்து தாத்தாவின் பட்டா நிலத்தை என்ன செய்வது என்று யோசிக்கும் இளைஞர்கள் என்று பல பேர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நல்ல மனசு. எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடுத்த ஜூனிலும், அதற்கடுத்த ஜூனிலும் களை பிடுங்க வருவீர்களா? வருவேன் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த நிலத்துக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீலகிரியின் மேல்மலை, பழனி மலையின் மேல்மலை இரண்டும் அடிப்படையில் ஒரே மாதிரி இடங்கள். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காடு, மேட்டிலும் சரிவிலும் புல்வெளி, தாழ்வில் சதுப்பு. ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் வந்தன. இது தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் இல்லை, வேறு மரம். கொடைக்கானல் பக்கம் சீகையை வாட்டில் என்றால்தான் பலருக்குப் புரியும். சுதந்திரத்துக்குப் பிறகு அது தொழிலாகவே ஆனது. சீகைப் பட்டையில் இருக்கும் டானின் தோல் பதனிடும் தொழிலுக்குத் தேவைப்பட்டது. மரத்தின் கூழ், சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலை போன்ற இடங்களுக்குப் போனது. புல்வெளிகளை வெற்றுத் தரிசு என்று நினைத்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள், வெட்டினார்கள், திரும்ப நட்டார்கள். இதோடு பைக்காரா, குந்தா மின் திட்டங்களுக்காக அணை, சுரங்கம், சாலை, ஊழியர் குடியிருப்பு, மின்கோபுரப் பாதை என்று வெட்டிய இடங்களும் உண்டு. கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டங்கள் தனிக் கணக்கு.

ஆக, "வெட்டப்பட்ட காடு" என்று ஒரே பெயரில் நாம் சொல்லும் நிலங்கள் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் மேல்மண் இருக்கும், மண் நிறைய சீகை விதையும் இருக்கும். இன்னொன்றில் மண்ணே இருக்காது, சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய கல் மட்டும் இருக்கும். வைத்தியம் இடத்துக்கு இடம் மாறும்.

காகிதம் முதலில்

இடம் யாருடையது என்று தெரியாமல் ஒரு களையைக்கூடப் பிடுங்காதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே காலே வைக்கக் கூடாது. மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், வனச்சரகரை நேரில் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதனால் இந்தப் பேச்சு அங்கே புதிதாக இருக்காது. வேலை நடக்கும் இடங்களில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள்.

சொந்தப் பட்டா நிலம் என்றாலும், மரம் வெட்டுவதற்கு மலைப்பகுதியில் தனிச் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். 'அந்நிய மரம்தானே' என்று சீகையையோ கற்பூரத்தையோ நீங்களாகச் சாய்த்துவிட்டு அப்புறம் விளக்கம் சொல்ல முடியாது. நாற்று பிடுங்குவது, புல் நடுவது, களை எடுப்பது இதற்கெல்லாம் சொந்த நிலத்தில் தடையில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த வேலையே போதும்.

அங்கே முன்பு என்ன இருந்தது?

என் முதல் வருடத் தவறைச் சொல்லிவிடுகிறேன். எமரால்டு பக்கம் சீகை வெட்டிய ஒரு சரிவு. நானும் நண்பர்களும் ஜூலை மழையில் முந்நூறு கன்று நட்டோம். காட்டு நாவல், காட்டுச் செண்பகம், விக்கி. எல்லாம் சோலை மரங்கள்தான், இந்த ஊர் மரங்கள்தான். டிசம்பர் வரை தளதளவென்று நின்றன. ஜனவரியில் மூன்று நாள் தொடர்ந்து உறைபனி. நான்காம் நாள் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் கொதிநீர் ஊற்றியது போலக் கருகிக் கிடந்தது. பாறை ஓரத்திலும் தாகைப் புதரின் அடியிலும் இருந்த பதினெட்டுக் கன்று மட்டும் பிழைத்தது.

அந்த வழியாக வந்த தோடர் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கே எப்போ தம்பி மரம் இருந்தது? எருமை மேய்ஞ்ச இடம் இது. எங்க அப்பா காலத்துல இந்த மேடு முழுக்கப் புல்லு. மரம் வேணும்னா அந்தப் பள்ளத்துல பாருங்க." அவர் கைகாட்டிய பள்ளத்தில் உண்மையிலேயே ஒரு துண்டுச் சோலை இருந்தது. நாங்கள் அதைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறோம்.

இந்த மலையின் கணக்கே அதுதான். திறந்த சரிவில் விழும் உறைபனியைச் சோலை மரத்தின் இளங்கன்று தாங்காது. புல் தாங்கும். அதனால்தான் இரண்டும் இத்தனை காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. புல்வெளியில் மரம் நடுவது, அது எந்த நல்ல மரமாக இருந்தாலும், முன்பு சீகை நட்டவர்கள் செய்த அதே தவறுதான். வரையாட்டுக்குப் புல்வெளி வேண்டும். குறிஞ்சிக்கும் வேண்டும். பவானிக்கும் மோயாறுக்கும், பழனி மலையில் வைகைக்கும் அமராவதிக்கும் போகும் ஓடைகளுக்கும் வேண்டும்.

எனவே நடுவதற்கு முன் ஒரு முழு வருடம் நடந்து பாருங்கள் என்பேன். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் மூன்று தடவையாவது போங்கள். கொட்டும் மழையில் ஒரு தடவை, பனிக்கால விடியலில் ஒரு தடவை, மார்ச் வெயிலில் ஒரு தடவை. மழையில் போனால் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று தெரியும். விடியலில் போனால் வெள்ளையாகப் பனி எங்கே படிகிறது, எங்கே படியவில்லை என்று தெரியும். பனி படியாத இடத்தைக் கல் வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். உங்கள் சோலைக் கன்றுகளுக்கான இடம் அது. மார்ச்சில் போனால் எது காய்கிறது, எந்த ஊற்று இன்னும் கசிகிறது என்று தெரியும்.

அக்கம்பக்கத்து ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். படுகர் ஹட்டியிலும் தோடர் மந்திலும் கோத்தர் ஊரிலும், பழனி மலையில் பளியர் குடியிருப்பிலும், எந்த மேட்டில் என்ன இருந்தது என்று சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது கணக்கெடுக்க வந்தவர் மாதிரி போகாதீர்கள். உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கேளுங்கள்.

சதுப்பு நிலத்தில் எதையும் நட வேண்டாம். காலை வைத்தால் 'சொத' என்று உள்ளே இறங்கும் இடம் கெட்டுப்போன இடம் கிடையாது. தோடர் கோயில் கூரைக்கு வேண்டிய ஒருவகைப் புல் அந்த மாதிரி ஈரத்தில்தான் வளரும். அங்கே சீகை நாற்று வந்திருந்தால் பிடுங்குங்கள், அத்தோடு வெளியே வந்துவிடுங்கள்.

நிற்கும் சீகையை உடனே பகையாக்க வேண்டாம்

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பழைய சீகைத் தோப்பின் உள்ளே குனிந்து பாருங்கள். சோலை பக்கத்தில் இருந்தால், அடியில் முழங்கால் உயரத்துக்குச் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்கும். பறவை தின்று போட்ட விதை, மேலே சீகையின் நிழல், அந்த நிழலுக்கு அடியில் உறைபனி விழாது. நாம் பணம் கொடுத்து நிழல்வலை கட்டிச் செய்வதைத் தோப்பு சும்மா செய்துகொண்டிருக்கிறது. கொடைக்கானல் வட்டக்கானல் பக்கத்தில் பல ஆண்டுகள் சோலைகளோடு வேலை செய்தவர்களும் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட தோப்பை ஒரேயடியாக வெட்டினால் உள்ளே இருக்கும் கன்றுகள் அடுத்த ஜனவரியில் சாகும். வெயில் பட்டதும் மண்ணில் கிடக்கும் சீகை விதை முழுக்க எழும். இரண்டு பக்கமும் நஷ்டம். அங்கே செய்ய வேண்டியது, உள்ளே இருக்கும் சோலைக் கன்றுகளை எண்ணுவது, அவற்றைச் சுற்றி இருக்கும் களையை எடுப்பது, கன்று ஆள் உயரம் வந்த பிறகு அதன் மேலே இருக்கும் சீகை ஒன்றிரண்டை மட்டும் அனுமதியோடு எடுப்பது. மேட்டில், அடியில் ஒன்றுமே முளைக்காத சீகை வேறு விஷயம். அந்த இடம் புல்லுக்குத் திரும்ப வேண்டும், வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டியதும் பின்னாலேயே நிற்க ஆள் இல்லையென்றால் வெட்டாமல் இருப்பது மேல்.

மண்ணைப் பிடியுங்கள்

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மழையை மனதில் வைத்துத்தான் வெட்டவெளியாகக் கிடக்கும் சரிவைப் பார்க்க வேண்டும்.

சரிவில் ஜேசிபி வேண்டாம். பெரிய பள்ளமோ அகலமான வரப்போ வேண்டாம். மேட்டில் தண்ணீரைத் தேக்கி உள்ளே இறக்கினால் சரிவு கனத்து நழுவும். நமக்கு வேண்டியது வேகத்தைக் குறைப்பது மட்டும்.

மூன்று குச்சியை 'ஏ' வடிவத்தில் கட்டி, உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் கருவி தயார். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது கயிறு நடுவில் விழும். அதைத் தப்படி வைத்து நகர்த்திக்கொண்டே போய், சரிவின் குறுக்கே ஒரே மட்டமான கோடுகளைக் குறியுங்கள். கோட்டின் நெடுக வெட்டிய சீகைக் கட்டைகளைப் படுக்க வைத்து, கீழ்ப்புறம் முளைக்குச்சி அடித்து, மேல்புறம் சுள்ளியை நெருக்கி அடுக்கவும். மண் அதில் வந்து தங்கும், இலை தங்கும், அங்கேதான் முதல் புல் பிடிக்கும். ஒன்று கவனம்: காய் தொங்கும் சீகைக் கிளையைச் சுள்ளியாகப் போட்டால் நீங்களே விதைத்த மாதிரி ஆகிவிடும். காயோடு இருப்பதைத் தனியே பிரித்து வெளியே எடுத்துவிடுங்கள்.

மழைநீர் அரித்த சிறு ஓடைகளுக்குக் கல் தடுப்பு. மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். முழங்காலுக்கு மேல் உயரம் கூடாது. நடுவில் தாழ்வாகவும் இரண்டு ஓரமும் உயரமாகவும் அடுக்க வேண்டும். ஓரம் தாழ்ந்தால் தண்ணீர் கரையைத் தின்றுகொண்டு சுற்றிப் போகும். நாங்கள் அடுக்கிய முதல் தடுப்பு அப்படித்தான் போனது.

அணைக்கட்டு, சுரங்க வேலைக்குக் கொட்டிய கல்மேடுகளில் மேல்மண்ணே இருக்காது. வெளியிலிருந்து மண் லாரியில் கொண்டுவந்து கொட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த மண்ணோடு பார்த்தீனியமும் இன்னும் பெயர் தெரியாத பத்துக் களைகளும் வரும். கல் இடுக்குகளில் சுள்ளியும் சருகும் சேர விட்டு, அதில் புல்தூரை வைத்து, ஐந்தாறு வருடம் காத்திருப்பதுதான் வழி. ரசாயன உரமும் போடாதீர்கள். இந்த மலைப் புல் ஏழை மண்ணுக்குப் பழகியது. உரம் போட்டால் கிக்கியூ புல், யூபடோரியம் போன்ற அந்நியக் களைகள்தான் முந்திக்கொண்டு வளரும்.

தொழிற்சாலைக் கழிவு கொட்டப்பட்டதாகப் பேச்சு இருக்கும் இடத்தில் கையே வைக்க வேண்டாம். மண்ணைப் பரிசோதித்து, பொறுப்பானவர்கள் சுத்தம் செய்த பிறகுதான் செடி.

விதையும் நாற்றும்

ஊட்டியில் நர்சரிக்குக் குறைவில்லை, ஆனால் நமக்கு வேண்டியது அங்கே அனேகமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் எந்த ஊர் விதை என்று தெரியாது. பக்கத்துச் சோலையிலிருந்து, ஏறக்குறைய அதே உயரத்திலிருந்து எடுத்த விதைதான் நல்லது. அதற்கும் அனுமதி வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன்.

தரையில் விழுந்த பழத்தை மட்டும் எடுங்கள். ஒரே மரத்தடியில் மூட்டை கட்டாமல், பத்து மரத்தடியில் ஒவ்வொரு பிடி எடுங்கள். மீதி கருமந்திக்கும் காட்டுப்புறாவுக்கும் உரியது. சோலை மரங்களில் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். நெல் மாதிரி டப்பாவில் போட்டு வைத்து அடுத்த வருடம் விதைக்க முடியாது. எடுத்த அன்றோ மறுநாளோ சதையைக் கழுவி, ஒரு வாரத்துக்குள் மணல் கலந்த மண்ணில் போட்டுவிட வேண்டும். அப்புறம் பொறுமை. சிலது ஒரு மாதத்தில் முளைக்கும், சிலது ஆறேழு மாதம் சும்மா கிடந்து, நீங்கள் தொட்டியைக் கவிழ்க்கலாம் என்று நினைக்கும் நேரத்தில் எட்டிப் பார்க்கும். கவிழ்க்காதீர்கள். காட்டுப் பூவரசின் விதை தூசி மாதிரி இருக்கும். அதைப் புதைக்கக் கூடாது, ஈரமான பாசியின் மேல் தூவிவிட்டால் போதும்.

நாற்றுக்கு இரண்டு வருடம் கொடுங்கள். முதல் வருடம் நிழல்வலைக்குக் கீழே. இரண்டாம் வருடம் மெல்ல மெல்ல வலையை விலக்கி வெயிலும் குளிரும் பழக்க வேண்டும். பனிக்காலத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளை மிலார் வைத்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை நாற்றுக்கு மேல் தாகை போடுவார்கள். அதே முறைதான்.

சோலை ஓரத்துக்கு முன்வரிசையில் நிற்கக்கூடிய செடிகளை அதிகமாக வளர்த்துக்கொள்ளுங்கள். காட்டுப் பூவரசு, தவிட்டுப்பழம், ஊசிக்களா, முள்ளிப்பழம். இவை பனியை ஓரளவு தாங்கும், பறவைகளை இழுக்கும். காட்டுப் பூவரசு புல்வெளியின் நடுவிலேயே தனியாக நிற்கும் துணிச்சல்காரன். இந்தப் புதர்களின் மறைவில்தான் நாவலும் செண்பகமும் அப்புறம் வர வேண்டும்.

சரி, புல். யாரும் போட்டோ எடுத்துப் போடாத வேலை இது, ஆனால் மேல்மலையில் பெரும்பகுதி வேலை இதுதான். இந்த ஊர்ப் புற்கள் கொத்துக் கொத்தாக வளர்பவை. மழைக்கு முன், நல்ல புல்வெளியில் சாலை விரிவாக்கத்துக்கோ வேறெதற்கோ எப்படியும் பெயர்க்கப் போகும் ஓரத்திலிருந்து தூர்களை எடுக்க முடிந்தால் அதுவே முதல் வழி. இல்லாவிட்டால் பத்தடிக்கு ஒரு தூர் என்று பரவலாக எடுங்கள். ஒரு தூரை ஐந்தாறு தட்டை இருக்கும்படி பிரித்து, இலையைப் பாதியாக நறுக்கி, பையில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் பிடித்துவிடும். அதை மறுபடி பிரிக்கலாம். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் ஒரு வருடத்தில் ஒரு தூர் ஒரு தட்டு நிறைய ஆகும். புல்விதை மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது முற்றும். கதிரைக் கையால் உருவிக் காகிதப் பையில் வைத்து, அடுத்த மழைக்கு முன் மண்ணை லேசாகக் கீறித் தூவி, மேலே கொஞ்சம் காய்ந்த புல்லைப் பரப்புங்கள்.

எவ்வளவு வேண்டும்? ஒரு அடி, அதாவது முப்பது செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் பத்துத் தூர். பத்து சென்ட் நிலம் சுமார் 400 சதுர மீட்டர். அதாவது நாலாயிரம் தூர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு 'ஐந்து ஏக்கர் எடுத்துச் செய்கிறோம்' என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. பத்து சென்ட்டில் தொடங்குங்கள். அதைக் காப்பாற்றுங்கள். அது விதை கொடுக்க ஆரம்பித்தால் அடுத்த பத்து சென்ட்டுக்கு அதுவே நாற்றங்கால்.

குறிஞ்சி நட ஆசைப்படுபவர்கள் நிறைய. நீலகிரியில் 2006இலும் 2018இலும் பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, செடி செத்துவிடும். அதனால் இடையில் விதைக்கு அலைய வேண்டாம். உங்கள் சரிவில் புல் நன்றாகப் பிடித்து, பக்கத்து மேட்டில் குறிஞ்சி இருந்தால் 2030க்குப் பிறகு அது தானே இறங்கி வரும்.

நடும் நாள்

மேற்குப் பக்கம், அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர் திசையில் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. ஜூன் நடுவில் மண் நன்றாக நனைந்ததும் தொடங்கி ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கமும் கொடைக்கானலிலும் ஐப்பசி கார்த்திகை மழை பெரியது. அதை நம்பி நடுவார்கள். ஆனால் உயரமான திறந்த இடத்தில் அக்டோபரில் நட்ட கன்று வேர் பிடிக்கும் முன்னே உறைபனி வந்துவிடும். அங்கெல்லாம் ஆகஸ்டிலேயே, மழை விட்டு விட்டுப் பெய்யும்போது நட்டுவிடுவது என் பழக்கம்.

குழி கன்றின் வேர் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், கடப்பாரையால் எடுத்துவிடலாம். சரிவில் மண்வெட்டி போட்டு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டினால் மண் முழுக்கக் கீழே போகும். பையை முழுசாகக் கிழித்து எடுத்து, எண்ணி, திரும்பக் கொண்டு வாருங்கள். நூறு கன்று நட்டால் நூறு பை கையில் இருக்க வேண்டும். காட்டு மாடு அதைத் தின்னும்.

சோலைக் கன்றுகளை வரிசையாக நடாதீர்கள். இருக்கும் சோலையின் விளிம்பிலிருந்து தொடங்கி, பனி படியாத இடங்களில் கும்பல் கும்பலாக, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று நெருக்கமாக நடுங்கள். சென்ட்டுக்குப் பதினெட்டுக் கன்று வரும். நெருக்கமாக நின்றால் ஒன்றுக்கொன்று காற்றையும் பனியையும் மறைக்கும். முதல் பனிக்காலத்தில் ஒவ்வொரு கன்றின் கிழக்குப் பக்கமும் தாகைக் கொத்து ஒன்றைச் சாய்த்து நட்டு வைப்போம். உறைந்த இலையின் மேல் விடிந்ததும் விழும் நேர் வெயில்தான் அதிகம் கருக்குகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் அனுபவமும் அதுதான்.

மின்கோபுரப் பாதைக்குக் கீழே மரமே நடக் கூடாது. கம்பிக்குக் கீழே வளர்ந்தால் மின்வாரியம் வெட்டித்தான் ஆக வேண்டும். புல்லும் இடுப்பளவுப் புதரும் போதும். சரியாகச் செய்தால் அந்தப் பாதைகள் நல்ல புல்வெளித் துண்டுகளாக ஆகும்.

திரும்பி வருவது

இனிதான் உண்மையான வேலை. சீகை விதையின் தோல் கெட்டியானது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ தீ பட்டாலோ கொத்துக் கொத்தாக எழும்பும். முதல் மழையில் பார்த்தால் கீரை விதைத்த பாத்தி மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். எழும்பினால் விதைக் கையிருப்பு குறைகிறது என்று அர்த்தம், காய்க்கவிடாத வரை.

முழங்கால் உயரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு கையால் பிடுங்க வேண்டும். கத்தியால் சீவினால் வேலை சீக்கிரம் முடிந்தது போலத் தோன்றும். அடுத்த மாதம் பாதி தழைத்து நிற்கும். முதல் வருடம் மூன்று தடவை: ஜூலை, செப்டம்பர், நவம்பர். இரண்டாம் வருடமும் அப்படியே. மூன்றாம் வருடத்திலிருந்து இரண்டு தடவை. ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது. புல் அடர்ந்து மண்ணை மூடிய இடத்தில் சீகை முளைப்பது கண்கூடாகக் குறையும். பத்து வருடத்துக்கு இந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவிட்டு அப்புறம் கன்று வாங்கப் போங்கள்.

சீகையில் ஒரே வகை இல்லை என்பதையும் கவனியுங்கள். அகன்ற, கத்தி போன்ற தட்டை இலை உள்ள கருஞ்சீகை வகை வேரிலிருந்தே புதுத் தளிர் விடும். ஒன்றைப் பிடுங்கினால் சுற்றி நான்கு வரும். அதற்கு வேரைப் பின்தொடர்ந்து போய் எடுக்க வேண்டும். கற்பூர மரத்தின் அடிக்கட்டை விடாமல் தழைக்கும். பட்டையைத் தரைமட்டம் வரை உரித்துவிட்டு, தளிர் விரல் நீளம் இருக்கும்போதே ஒடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் கட்டை ஓயும். மருந்தடித்துச் சாகடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தச் சரிவின் தண்ணீரைக் கீழே குடிக்கிறார்கள்.

மஞ்சள் பூ பூக்கும் ஸ்காட்ச் புரூமும், முள்ளாக நிற்கும் கார்ஸும் ஆங்கிலேயர் கொண்டுவந்த புதர்கள். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவற்றின் விதையும் மண்ணில் பல வருடம் இருக்கும். பூவுக்கு முன்னால் பிடுங்குங்கள். யூபடோரியம் ஈர மண்ணில் இழுத்தால் எளிதாக வந்துவிடும், பிடுங்கியதைக் கல்லின் மேலோ கிளையின் மேலோ வேர் மேலே தெரியும்படி காயப் போடுங்கள். ஓடை ஓரத்தில் போட்டால் மறுபடி வேர் விடும்.

கூடலூர், மசினகுடி பக்கம் கீழே இறங்கினால் எதிரிகள் வேறு. உண்ணிச்செடிக்கு, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் நான்கைந்து செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் முறைதான் நன்றாக வேலை செய்கிறது. மேலே சீவினாலோ எரித்தாலோ இன்னும் அடர்த்தியாக வரும். மஞ்சக்கொன்றை என்று சொல்லப்படும் சென்னா மரம் வனத்துறையும் திணறும் அளவுக்குப் பரவியது. தன்னார்வலர்கள் சிறு நாற்றைப் பிடுங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே யானை நடமாட்டம் அதிகம், வனக் காவலர் இல்லாமல் ஒரு அடி நகராதீர்கள்.

மேல்மலையிலும் காட்டு மாடு, கரடி உண்டு. புதருக்குள் குனியும் முன் குரல் கொடுத்துவிட்டுக் குனியுங்கள். காலை எட்டுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் வேலை வேண்டாம். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த சாக்ஸ். நட்ட மரக்கன்றுகளைக் கடமான் மொட்டையடிக்கும். அதற்காகக் கம்பிவேலி போட்டு அதன் வழியை அடைக்காமல், முக்கியமான கும்பல்களைச் சுற்றி மட்டும் முள்சுள்ளி அடுக்குங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தீக்காலம். வனத்துறை தீத்தடுப்புக் கோடு எடுக்கும்போது கூடப் போய் ஆள் கொடுங்கள். அந்த மாதங்களில் அங்கே அடுப்பு, சிகரெட், எதுவும் கூடாது. பிடுங்கிய களையைக் குவித்துக் கொளுத்தவே கூடாது, அந்தச் சூட்டில் மண்ணில் தூங்கும் சீகை விதை விழித்துக்கொள்ளும்.

எழுதி வையுங்கள்

அசையாத ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் நின்று அதே திசையில் வருடா வருடம் ஜூன் முதல் வாரமும் ஜனவரி கடைசி வாரமும் ஒரு படம் எடுங்கள். ஐந்து இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் குறித்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, உள்ளே எத்தனை சீகை நாற்று, எத்தனை புல்தூர், வெறும் மண் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாத செடிக்கு நீங்களே ஒரு பெயர் வைத்து, இலையை நோட்டில் ஒட்டிவிடுங்கள். பெயர் அப்புறம் தெரிய வரும்.

எமரால்டு சரிவில் எங்கள் மூன்றாம் எண் சதுரத்தில் முதல் ஜூலையில் 212 சீகை நாற்று. போன ஜூலையில், அதாவது ஏழாம் வருடம், ஒன்பது. புல் மூடிய பிறகு யாரும் நடாத ஒரு சிறிய நீலப் பூ அங்கே வந்திருக்கிறது. முதல் வருடம் பிழைத்த பதினெட்டுக் கன்றில் பதினொன்று இப்போது என்னைவிட உயரம். எல்லாம் அந்தப் பாறை ஓரத்தில்தான். அடுத்த களையெடுப்பு செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. களைக்கொத்து எங்களிடம் இருக்கிறது. மதியச் சாப்பாடும் மழைக்கோட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும்.